டீயோடு போடும் மாத்திரை

1. அம்மாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடமாகிறது.
2. போன மாதம் இரைப்பையில் காம்புள்ள ஒரு கட்டி தெரிந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டே அறுத்தெடுக்கலாம் என்றார்கள்.
3. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரைகளில் ஒன்றை, இதய டாக்டரைக் கேட்டு, ஒரு வாரம் முன்பே நிறுத்தினேன்.
4. அறுக்கும் நாளில், மேசையில் ஏறும்போது அம்மா சொன்னாள்: "காலைல வலி மாத்திரை மட்டும் போட்டுக்கினேன்."

நான் புதுச்சேரியில் எண்டோஸ்கோபி டெக்னீஷியன். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எல்லோரையும் கேட்டு எழுதுவது என் வேலை.

"இத ஏன்மா சொல்லல?"

"அது ஒரு மாத்திரையாடி? அளத்துல எல்லாருந்தான் போடறோம்."

மரக்காணம் உப்பளத்தில் அம்மாவின் கூட்டத்தில் ஏழு பெண்கள். அளத்தில் இறங்குமுன் டீயோடு ஆளுக்கொரு மாத்திரை. வாரம் ஒருத்தி முறை வைத்துப் பெட்டிக்கடையில் அட்டை வாங்குவாள். அந்த வாரம் அம்மாவின் முறை. எனக்குத் தெரியாததல்ல, பள்ளி நாட்களில் நானே வாங்கி வந்திருக்கிறேன். அந்த மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டும் என்று படித்தும் இருக்கிறேன். கேட்கத்தான் தோன்றவில்லை.

"தள்ளிப்போட்டா ஹார்ட் மாத்திரை இல்லாம இன்னும் நாள் போகும். இன்னைக்கே எடுத்துடலாம். காம்ப முதல்ல இறுக்கிடுவோம்" என்றார் டாக்டர்.

காம்பின் அடியில் ஊசி மருந்து. அதைச் சுற்றி நைலான் சுருக்கு. சுருக்குக்கு மேலே அறுப்பு. வழக்கமாக எல்லாவற்றையும் எடுத்துக் கொடுப்பவள் நான். அன்று என்னைச் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். திரையில் சிவப்பாக ஒரு கோடு வழிந்தது. முதல் கிளிப் போட்டும் நிற்கவில்லை. இரண்டாவதில் நின்றது.

ஆனால் சில நாள் கழித்தும் கசியலாம். உள்ளே கசிந்தால் மலம் கறுக்கும். வீட்டில் தினமும் காலையில் நான் கேட்கத் தொடங்குமுன்பே அம்மா கத்துகிறாள்: "தாரு மாதிரி போனா நானே சொல்றேன். கக்கூஸ் வாசல்ல வந்து நிக்காதடி!"

நேற்று அளத்திலிருந்து அவள் சிநேகிதி பார்க்க வந்தாள். "இடுப்பு வலிக்குதாக்கா?" என்று கேட்டபடியே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அட்டை.

"சின்னம்மா, அத இங்க குடுங்க" என்று கையை நீட்டினேன்.

"ஏன், உனக்கும் வலிக்குதா?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

இன்று ஐந்தாவது நாள். மலம் கறுக்கவில்லை. நிறுத்திய இதய மாத்திரையை டாக்டர் சொன்னபடி நேற்று மீண்டும் தொடங்கியாயிற்று. அதனால் கசியும் பயம் இன்னும் தீரவில்லை. கட்டியின் பரிசோதனை முடிவு வரவில்லை. திங்கட்கிழமை அளத்துக்குப் போவேன் என்கிறாள் அம்மா. நான் இன்னும் ஒரு வாரம் விடுப்பு கேட்டிருக்கிறேன்.