‘ஏ’ வர வேண்டிய இடத்தில் ‘ஈ’

பஸ் புறப்பட இன்னும் நேரமிருக்கிறது என்று தெரிந்ததும் சோலைமலை முன்பக்கம் போய் எம்பி நின்று, ஊர்ப் பெயர்ப் பலகையில் ஒரு புள்ளி வைத்தார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாமான்கள் இருக்கும். விடுபட்ட புள்ளியை வைக்கக் கறுப்பு மார்க்கர். வேண்டாத கொம்பையும் காலையும் அழிக்க டிப்பெக்ஸ் குப்பி. சாரதி ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“அண்ணே, நீங்க புள்ளி வச்சா பஸ்ஸு வெரசா போகுமா?”

“வெரசா போகாது. பூண்டுலோயாவுக்குப் போகும். இம்புட்டு நாளும் பூணடுலோயாவுக்குல்ல போய்க்கிட்டு இருந்துச்சு.”

இலங்கை மலைநாட்டில் தமிழ்ப் பலகைகளைத் தமிழ் தெரியாத கைகளும் எழுதுவதால் அவருக்கு வேலை குறைவதில்லை. ஓர் அலுவலகத்தில் ‘பணம் செலுத்துமிடம்’ என்பதில் முதல் எழுத்துக்குச் சுழி போட்டு, பிணம் செலுத்துமிடமாக்கி வைத்திருந்தார்கள். வரிசையில் நின்றபடியே அதை அழிக்கப் போனவரின் கையைக் காவலாளி பிடித்துக்கொண்டார். சிங்களத்தில் விளக்கிச் சொன்னதும் அந்தக் காவலாளியே, இவர் ஏறி நிற்க நாற்காலி கொண்டுவந்து போட்டாராம். நாற்காலி விஷயத்தை நான் பாதிதான் நம்புகிறேன்.

சோலைமலைக்கு முப்பத்தொரு வயது. ஹட்டனில் கொமினிக்கேஷன் கடை வைத்திருக்கிறார்: தொலைபேசி, போட்டோகொப்பி, டைப்பிங், மழை பெய்யாத நேரங்களில் இணையம். டயகம தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா நாகலெட்சுமி, மகனைப் பற்றிக் கேட்பவர்களிடம் “பெக்கிங் வேல பாக்குறான்” என்கிறார். தேயிலை நாட்டில் பெக்கிங் என்றால் ஒரே பொருள்தான்: தூளைப் பாக்கெட்டில் அடைப்பது. அதை நம்பிக் கடைக்கு வந்து, “தம்பி, நல்ல டஸ்டு தூளா ரெண்டு பாக்கெட்டு எடுத்துத் தர மாட்டியா?” என்று கேட்டவர்கள் உண்டு.

அம்மா சொல்வதில் பொய்யில்லை. லினக்ஸ் என்பது காசில்லாமல் கிடைக்கும் கணினி இயங்குதளம். உலகம் முழுதும் பலர் எழுதிய நிரல்களைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தவைத்து, ஒரே தொகுப்பாக வெளியிடும் குழுக்கள் அதற்கு உண்டு. ஒவ்வொரு நிரலையும் பொதி கட்டிக் கொடுக்கவும், பழுது வந்தால் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது. சோலைமலை கட்டுவது, எவர் கண்ணிலும் படாத ஒரு சின்ன நிரல் நூலகம். மற்ற நிரல்கள் தங்கள் விருப்பங்களை ‘நிறம் = பச்சை’ என்பதுபோல வரி வரியாக ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். அந்தக் கோப்பை வாசித்து, சமக்குறியின் இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று பிரித்துச் சொல்வதுதான் அதன் தொழில்.

அதை எழுதியவன் ஏதோ ஒரு குளிர் நாட்டு மாணவன். சமக்குறியைச் சுட்டும் ‘செபரேட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலில், நடுவே ‘ஏ’ வர வேண்டிய இடத்தில் ‘ஈ’ போட்டுவிட்டு, படிப்பு முடிந்ததும் மறந்துபோனான். நூலகம் 2005இல் சோலைமலையின் கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் என்னவாக இருக்கும் என்று சொல்லவே வேண்டியதில்லை. ‘ஈ’யை எடுத்தார். மறுநாள், அந்தப் பிழையான பெயராலேயே நூலகத்தை அழைத்துப் பழகிய நிரல்கள் வரிசையாக நின்றுபோயின. எங்கெங்கிருந்தோ திட்டு வந்தது.

“ஒரே ஒரு ஈ சார். அத வெரட்டுனதுக்கு ஒலகமே என்னய அடிக்க வந்துருச்சு.”

பிழையைத் திரும்ப வைத்தார். ஆனால் பக்கத்திலேயே சரியான பெயரையும் வைத்தார். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் இப்போது நூலகம் எழுந்து வரும். இதைப் பெருந்தன்மை என்று என்னால் சொல்ல முடியாது; தோற்றவர் தோல்வியை முழுதாக ஒப்புக்கொள்ளாமல் பிடித்துக்கொண்ட ஒரு நுனி. ஆனாலும், பெயர் அதை உடையவருக்குச் சொந்தமா, கூப்பிடுகிறவருக்குச் சொந்தமா என்ற பழைய கேள்விக்கு இவ்வளவு சுருக்கமான பதிலை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

தன் பெயர் விஷயத்தில் மட்டும் அந்தப் பதில் அவருக்கு உதவவில்லை. பிறந்தபோது அப்பா சொன்னதைத் தோட்டத்தில் எழுதிக்கொண்டவர் காதில் எப்படி விழுந்ததோ, அடையாள அட்டையில் அவர் சோளமலை. “வேர்லயே தப்பு சார். கெளைய வெட்டி என்னா பண்றது?” என்பார். சோதனைச் சாவடிகளில் கட்டைவிரலால் பெயரை மூடிக்கொண்டே அட்டையைக் காட்டுவார். அதனாலேயே மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் நிறுத்தி வைக்கப்படுவார். கடைக்கு எதிரே ஆட்டோ ஓட்டும் வீரய்யாவுக்கு எப்படியோ இது தெரிந்துவிட்டது. “என்னா சோளம், பிளேன்டி சொல்லவா?” என்று தினமும் குரல் கொடுப்பார். சோலைமலை திரும்புவதில்லை. தேநீரும் வருவதில்லை.

போன சித்திரையில், பெயரை மூடும் இந்த விரல் அவருக்கு இடைஞ்சலாக வந்தது. நூலகத்தில் ஒரு பழுது: கோப்பின் கடைசி வரி சில நேரம் வாசிக்கப்படாமல் விடுபட்டுப் போனது. அவர் அதைத் திருத்திவிட்டார். ஆனால் திருத்திய பொதியைத் தானே தொகுப்பில் ஏற்ற உரிமையில்லை. உரிமையுள்ள ஒருவர் ஏற்றித் தர வேண்டும். அப்படி உதவிக்கொண்டிருந்த பிரேசில்காரரிடமிருந்து கொஞ்ச நாளாகப் பதிலே இல்லை. மே மாதக் கடைசியில் புதிய தொகுப்புக்குக் கதவடைப்பார்கள். தவறினால் பழுதான பொதிதான் அவர் பெயரோடு ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகும்.

அந்த உரிமையைத் தானே பெற, குழுவில் ஏற்கெனவே இருக்கும் ஒருவர் அவரை நேரில் கண்டு, அட்டையைப் பார்த்து, கணினியில் அவர் இடும் கையொப்பம் அவருடையதே என்று உறுதி சொல்ல வேண்டும். குழுவில் இருந்த, கொழும்பில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் கஜதீபன் விடுமுறைக்கு நுவரெலியா வந்திருந்தார். பஸ் நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன்.

“அண்ணை, விரலை எடுங்கோ.”

“எடுக்காம பாக்க முடியாதுங்களா?”

“பேரைப் பாக்கத்தானே வந்தனான்.”

விரல் எழுந்தது. கஜதீபன் சிங்கள எழுத்துகளைக் கூட்டி வாசித்தார். “இதில சோளமலை எண்டெல்லோ கிடக்கு.”

“அது தப்புங்க. நான் சோலைமலை.”

“நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியும். உங்கட அட்டைக்குத் தெரியேல்லையே. அட்டையில இருக்கிற பேருக்குத்தான் நான் உறுதி சொல்லலாம்.”

“தப்புன்னு நானே சொல்றேன். அப்புறம் என்னாங்க?”

கஜதீபன் ரோல்ஸைக் கடித்து மென்று விழுங்கினார். “உங்கட பொதியில அந்த ஈ இன்னும் இருக்குதானே. ஏன் எடுக்கேல்லை?”

“எடுத்தா, கூப்புடுறதெல்லாம் நின்னுரும்.”

“அப்ப?”

சோலைமலை தேநீரை ஆறவிட்டுக் குடித்தார். திரும்பும் வழியில் அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நானுஓயாவில் ஒரு கடைப் பலகை ‘இங்கு கறி வேட்டப்படும்’ என்றது. இருவரும் பார்த்தோம். மார்க்கர் பையைவிட்டு வெளியே வரவில்லை.

அன்று மாலையே தன் கணினிக் கையொப்பத்தில் இரண்டாவது பெயராகச் சோளமலையைச் சேர்த்தார். கஜதீபன் அந்த ஒன்றுக்கு மட்டும் உறுதி சொன்னார். பிறகு குழுவினரின் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி உரிமை கைக்கு வந்தபோது, மே மாதத்தில் சில நாள்களே மிச்சம்.

அவர் முதல்முறையாகத் தன் கையாலேயே பொதியை ஏற்றிய பிற்பகலில் நான் கடையில் இருந்தேன். நல்லவேளையாக மழையில்லை. அரை மணி நேரம் கழித்து, ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது. திரையில் நூலகத்தின் பெயர், கடைசி வரிப் பழுது தீர்ந்தது என்ற குறிப்பு, அதன் கீழே ‘பராமரிப்பவர்: சோளமலை’. அவர் அந்த வரியைக் குனிந்து பார்த்தார். கை தன் பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. டிப்பெக்ஸ் குப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

தெருவுக்கு அப்பாலிருந்து வீரய்யாவின் குரல் வந்தது. “என்னா சோளம், பிளேன்டி சொல்லவா?”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சோலைமலை வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி, இரண்டு விரல்களைக் காட்டினார்.