பகலில் சொன்ன கதை

இது நடந்தது. போலீஸிடமும் இதையேதான் சொன்னேன். நம்பாதவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. சிரிக்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

டத்தோ கிராமாட்டில், ஒரு கடைவீட்டு மாடியில் எனக்குச் சின்ன ஒலிப்பதிவு அறை உண்டு. வீடு கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில். மனைவி காமினி, ஆறு வயது மகள் அதிரா. போன மாதம், வெளிநாட்டு மாணவர்கள் சொல்லும் நாட்டுப்புறக் கதைகளைப் பதிவு செய்யும் வேலை வந்தது. அப்படி வந்தவன்தான் ருலானி. தென்னாப்பிரிக்காவின் ட்சோங்கா இனத்தவன்.

"ராத்திரி வரட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "எங்க ஆளுங்க பகல்ல கதை சொல்ல மாட்டாங்க. வழுக்கை விழும்னு சொல்வாங்க."

"எனக்கு எப்பவோ விழுந்தாச்சு. ராத்திரி வரைக்கும் காத்திருக்க முடியாது லா. சொல்லு."

அவர்கள் வழக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் கேட்பவர்கள் 'கரிங்கானி' என்று பதில் கொடுக்க வேண்டுமாம். நான் 'ம்' கொட்டக்கூடத் தயாராக இல்லை. எனக்கு வேலை முடிந்தால் போதும்.

மதியம் 1.00. முயல் கதையை ஆரம்பித்தான். முதல் வரி முடிந்தது.

"கரிங்கானி..."

என் ஹெட்போனில். ஒரு குழந்தையின் குரல். ருலானியின் வாய் மூடியிருந்தது.

ஜன்னலைச் சாத்தினேன். ஏர்கானை அணைத்தேன். அடுத்த வரி. மறுபடியும் அதே குரல்... இன்னும் பக்கத்தில். கூடவே மூச்சுச் சத்தம்.

ரெக்கார்டரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

ருலானி பதறி எழுந்தான். "பாதியில நிறுத்தக் கூடாது. முடிச்சு, கதையை முன்னோர்கிட்டத் திருப்பி அனுப்பணும். இல்லேன்னா கேட்டவங்ககிட்டயே தங்கிடும்."

"வெளிய போ" என்றேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

1.12. காமினி போன் செய்தாள்.

"ஏங்க, அதிரா சுவரைப் பார்த்து என்னமோ பேசுறா. கரிங்கானி, கரிங்கானின்னு..."

அந்தச் சொல்லை நான் வீட்டில் சொன்னதே இல்லை. அதிரா ருலானியைப் பார்த்ததும் இல்லை.

மறுநாளும் சரியாக ஒரு மணிக்கு ஆரம்பித்தாள். அதற்கு மறுநாளும். கூப்பிட்டால் திரும்பவில்லை. சோறு இறங்கவில்லை. என் பிள்ளை என் கண் முன்னாலேயே கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டு ருலானியைக் கெஞ்சி அழைத்தேன்.

வந்தான். விட்ட இடத்திலிருந்து சொன்னான். கதையை வழியனுப்பும் வார்த்தைகளையும் சொன்னான்.

ஒரு மணிக்குக் காமினியிடமிருந்து மெசேஜ். "ஆரம்பிச்சுட்டா."

ருலானி மைக்கை என் பக்கம் திருப்பினான். "மைக்கை ஆன் பண்ணுங்க. பேசாம உட்காருங்க."

உட்கார்ந்தேன். வாயே திறக்கவில்லை. எதிரில் இருந்த அவனுக்கும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு பதிவைப் போட்டுக் கேட்டோம்.

என் குரல்.

தங்குதடையில்லாமல்... எனக்குத் தெரியாத அவன் மொழியில்.

ருலானி ஹெட்போனைக் கழற்றினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது என் கதை இல்ல. உங்க மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க."

"கூப்பிட்டு?"

"தனியா வரச் சொல்றீங்க."

போன் அடித்தது. காமினி அழுதுகொண்டிருந்தாள்.

"கதவு திறந்து கிடக்கு. அதிராவைக் காணோம். நீங்களா வந்து கூட்டிட்டுப் போனீங்க? பக்கத்து வீட்டு அக்கா உங்களைத்தான் பாத்தாங்களாம்..."