யார் விட்ட மூச்சு

பிறத்தியார் வாய் வைத்த செம்பே எனக்கு ஆகாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், அப்படிப்பட்டவளை மாம்பலத்திலிருந்து ஜட்காவில் ஏற்றி, மயிலாப்பூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, "நீங்க விடற மூச்சையே மறுபடியும் இழுப்பீங்க" என்றால் எப்படி இருக்கும்?

வயிற்றில் கட்டி. வெட்டி எடுக்காவிட்டால் பிழைக்க மாட்டேன் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். கத்திக்குக்கூட நான் பயப்படவில்லை. தலைமாட்டில் தொங்கிய கறுப்பு ரப்பர் பைதான் கண்ணை உறுத்தியது. மயக்க வாயு கப்பலில் வருவதாம், வீணாக்கக் கூடாதாம். பைக்கும் முகமூடிக்கும் நடுவில் ஒரு டப்பா. அதிலுள்ள சுண்ணாம்பு, விட்ட மூச்சில் கெட்டதை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புமாம்.

"நேத்திக்கு இதுல மூச்சு விட்டது யாரு?" என்றேன்.

"பையைக் கழுவியாச்சும்மா. சுண்ணாம்பும் புதுசு" என்றாள் டாக்டரம்மா.

கழுவினதை யார் கண்டது?

என் அகத்துக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இது சயன்ஸ்டி! நோக்கு என்ன தெரியும்? மானத்தை வாங்காதே" என்று குதித்தார்.

நான் விடவில்லை. "பையில ஓட்டை இருக்கான்னு ஊதிப் பாக்கறது யாரு?"

"நான்தான்" என்று சிரித்தாள் டாக்டரம்மா.

ஆக, அவள் எச்சில்! கல்யாணமான நாளாய் இவர் சாப்பிட்டெழுந்த இலையில்தான் நான் சாப்பிடுகிறேன். இவர் எச்சில் எனக்கு எச்சிலே இல்லை. "அப்போ இவர் ஊதட்டும். இவர் மூச்சுன்னா நேக்கு சம்மதம்" என்றேன்.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "இப்ப உள்ளே மருந்தே இல்லை சார், வெறும் காத்துதான்" என்று அவரிடம் முகமூடியை நீட்டினாள்.

மனுஷர் ஓரடி பின்வாங்கினார். "நேக்கு எதுக்கு? ஆபீஸ் போகணும். மயக்கம் கியக்கம் வந்துட்டா?" என்று அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அடப்பாவி மனுஷா! எனக்குச் சொன்ன சயன்ஸ் உமக்குக் கிடையாதா? பைமேல் இருந்த சந்தேகமெல்லாம் அவர்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"நீங்களே ஊதுங்கோ டாக்டர்" என்றேன். ஊதினாள். முகமூடியை அவள் கையிலிருந்து நானே வாங்கி மூக்கின்மேல் வைத்துக்கொண்டேன்.

கட்டி போயிற்று, பிழைத்தேன். யார் மூச்சில் பிழைத்தேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.