டெல்பர்ட்டின் நண்டு வாளி

நண்டு கொடுத்துத்தான் டெல்பர்ட் அந்த அனுமதியை வாங்கினான் என்று எதிர்வீட்டு வெர்னா சொல்வது பச்சைப் பொய். இரண்டு தட்டு நண்டு தின்றவளும் அவள்தான்.

டெல்பர்ட் எங்கள் ஊர்க் கப்பல்தளத்தில் வெல்டர். பதினோரு வருஷம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவனுக்கு கடற்படை நீர்மூழ்கிக் கப்பலுக்குள் வேலை பார்க்க ஆசை வந்தது. அங்கே ராணுவ ரகசியங்கள் இருப்பதால், நம்பகமானவன் என்று அரசாங்கம் அனுமதி தரவேண்டும். படிவம் கொடுத்தபின் அதிகாரி ஒருவர் தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். தன்னைக் கேட்காமல் அவர் போய்விட்டால் வெர்னா ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டாள்.

அவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் டெல்பர்ட் வீடு வீடாக அவித்த நண்டு கொண்டுபோனான். என் வீட்டுக்கும் வந்தான்.

"மிஸ் ஒடெசா, கொலராடோவுல தங்கச்சி கல்யாணத்துல நடந்ததை அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"எதை? கஞ்சா இழுத்துட்டு, பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னாடி நீ கேக்கை வெட்டித் தின்னதையா? சர்ச் விருந்துல நீயே எழுந்து நின்னு சொன்னியேப்பா! பாஸ்டர் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சாரு."

"ஒரே தடவைதான். அந்த மாநிலத்துல அது தப்பும் இல்ல."

"படிவத்துல என்ன கேட்டிருக்கான்? எனக்குப் படிக்கத் தெரியாது, நீ வாசி."

போனில் பார்த்து வாசித்தான். ஏழு வருஷத்துக்குள் போதைப்பொருள் எடுத்ததுண்டா? எந்த மாநிலம் அனுமதித்திருந்தாலும் சொல்லவேண்டும்.

"நீ என்ன போட்ட?"

"இல்லைன்னு."

"ஊருக்கே தெரிஞ்சதை அரசாங்கத்துக்கு மட்டும் மறைச்சிருக்க. கஞ்சாவை மன்னிச்சாலும் மன்னிப்பாங்க, இந்தப் பொய்யை மாட்டாங்க. என்னைக் கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன்."

"வேலையே போயிடும், மிஸ் ஒடெசா."

"போனாலும் போகட்டும். பொய்யோட உள்ள போனா நாளைக்கு ஒருத்தன் அதை வச்சே உன்னை மிரட்டுவான். கப்பல்ல என்ன இருக்கு, சொல்லும்பான். அப்ப என்ன பண்ணுவ?"

அவன் என் தட்டிலிருந்த நண்டுக்காலை எடுத்து உடைத்துத் தின்றான், எனக்குக் கொண்டுவந்தது என்பதையே மறந்து.

"அவர் கேக்குறதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன்" என்றான்.

அனுமதி வர ஒன்பது மாதம் ஆனது. நண்டுக்காகக் கிடைத்த அனுமதி என்றால் ஒன்பது மாதமா ஆகும், வெர்னா?

உண்மையைச் சொல்ல அந்த அதிகாரியிடம் கிளம்பிய அன்று காலை, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மிச்ச நண்டு வாளியோடு அவன் வாசல் தாண்டினான்.

"டேய், அதை வச்சிட்டுப் போ! அங்க கொண்டுபோனா லஞ்சம்னு அதையும் எழுதிக்குவாங்க!"

திரும்பி வந்து வாளியை என் படியில் வைத்தான். வெறுங்கையோடு நடந்தான்.