மக்வாலா போட்ட ஒயின்

மக்வாலா என் பக்கத்து வீட்டுக்காரி. இருபத்திரண்டு வருடங்கள் அந்த வீட்டு ஒயினைப் போட்டவள் அவள்தான். அதைக் குடித்த எங்கள் ககேதி வட்டாரத்துக்காரர்கள் அத்தனை பேரும் புகழ்ந்தது அவள் கணவன் நுக்ஸாரின் கையை.

டிராக்டர் கவிழ்ந்து நுக்ஸாருக்கு இடுப்பெலும்பு முறிந்த வருடம் அது தொடங்கியது. திராட்சையைப் பறித்து, மரத்தொட்டியில் மிதித்து, சாறும் தோலும் காம்புமாகத் தாழிகளில் ஊற்றியாகிவிட்டது. கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய தாழிகள். மூன்றாம் நாள் நுரைக்கத் தொடங்கியபோது அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நுரைக்கும்போது தோலெல்லாம் மேலே வந்து அடைபோல் இறுகும். தினமும் நாலைந்து தடவை நீளக் கழியால் அமுக்கிவிடாவிட்டால் காடியாகிவிடும். தாழி இருக்கும் இடத்தில் பெண் கால் வைத்தால் ஒயின் கெட்டுவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. அதனால் மக்வாலா தாழிக் கொட்டகையின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு அமுக்கினாள். நுரை அடங்கித் தோல் அடியில் இறங்கியதும் கல்பலகையால் மூடி, ஈரக் களிமண் பூசினாள்.

வசந்தத்தில் திறந்தபோது அப்படியொரு ஒயின் அந்த வீட்டில் அதுவரை வந்ததில்லை. நுக்ஸார் ஒரு கிண்ணம் குடித்தான். யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொன்னான். என்னிடம் மட்டும் அவள் சொல்லியிருந்தாள். அதன்பிறகு அவன் கழியைத் தொடவேயில்லை. தாழிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவுவதும் அவள் வேலையானது.

பல வருடம் கழித்துத் தலைநகர் திபிலிசியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். பாட்டில்களில் நுக்ஸாரின் மீசை முகம் ஒட்டப்பட்டது. ஒரு போட்டியில் தங்கப் பதக்கமும் கிடைத்தது. அதற்காக வீட்டில் வைத்த விருந்தில் நானும் மக்வாலாவோடு தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இந்த வாசனை எப்படி வருகிறது என்று வியாபாரி கேட்டார்.

"கைராசிதான். எங்கப்பா கையில இருந்தது, எனக்கு வந்திருக்கு" என்றான் நுக்ஸார்.

பாலாடைக்கட்டி ரொட்டியைப் பரிமாறிக்கொண்டிருந்த அவளிடமும் வியாபாரி ஏதோ மரியாதைக்குக் கேட்டார். நுக்ஸார் முந்திக்கொண்டான்.

"இவளுக்கா? ஒயினுக்கும் காடிக்கும் வித்தியாசம் தெரியாது. அடுப்படியோட சரி."

எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் திராட்சை தாழிக்குள் போனதும் அவள் கழியைக் கொண்டுவந்து அவன் முன்னால் சாய்த்து வைத்தாள். "இந்த வருஷம் நீயே போடு. உனக்குத்தான் கைராசி இருக்கே."

இரண்டு நாள் அமுக்கினான். இடுப்பு வலி வந்ததும் படுத்துவிட்டான். அவள் என் வீட்டில் உட்கார்ந்து திராட்சைப் பாகில் தோய்த்து மிட்டாய் செய்ய வாதுமைப் பருப்பை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போய்ப் பாருங்க. உங்க உழைப்பும்தானே உள்ள கிடக்கு" என்றேன்.

"கிடக்கட்டும்."

சில வாரத்தில் சுவரைத் தாண்டிக் காடி வாடை வந்தது. என்னைவிட முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊசி நின்றது. பிறகு மறுபடி கோத்தாள்.

நாலு தாழியும் பாழ். நுக்ஸார் ஊரெல்லாம் ஒரே பேச்சுப் பேசினான்: தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவள் கொட்டகைக்குள் போனாளாம், அந்தத் தோஷம் இப்போது காட்டுகிறதாம். இருபத்திரண்டு வருடம் அந்தத் தோஷம் எங்கே இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தேவாலயத்தில் பெண்கள் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். மகன் ஸூராப்கூட ஏன் உள்ளே போனாய் என்றுதான் கேட்டான். அவள் நடந்தது முழுவதையும் சொன்னாள்.

"விடும்மா" என்றான் அவன். "அப்பா பேரு கெட்டா என் கல்யாணத்துல யாரு வந்து உக்காருவா?"

மறுவருடம் இலையுதிர் காலத்தில் நுக்ஸார் கழியை அடுப்படி வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். வரும் வசந்தத்தில் மகனுக்குக் கல்யாணம். அவள் கழியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தாழிட்டாள்.

கல்யாணப் பந்தியில் நுக்ஸாரின் கைக்குத் திரும்பி வந்த ராசியை வாழ்த்தி எல்லோரும் எழுந்து நின்று குடித்தார்கள். பின்கட்டில் அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் கெட விட்டிருந்தால்தான் என்ன என்று கேட்டேன்.

"அவனைக் கெடுக்கப் போய் ஒயினைக் கெடுத்தேன். அந்த ஒரு வருஷத்துக்கு என்னை என்னாலயே மன்னிக்க முடியல. அவன் நல்லாத் தூங்குறான்" என்றாள்.

உள்ளிருந்து இன்னும் கோப்பை கேட்டார்கள். ஈரக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.