அழுகண்ணியும் கொண்டைக்குருவியும்

டெல்லிக்கு வேலைக்குப் போகும்போது என் மகள் ஒரு தொட்டிச் செடியை எண்ணூர் வீட்டில் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அழுகண்ணி என்று பெயர், பூச்சியைப் பிடித்துத் தின்கிற செடி. கட்டைவிரல் உயரம்கூட இல்லை. இலை முழுக்கப் பிசுபிசுப்பான துளிகள். உட்கார்ந்த கொசு எழுந்திருக்காது. கல்லூரியில் அவளே விதை போட்டு வளர்த்தது. "நம்ம பக்கத்துல இது இல்லாமலே போயிடுச்சும்மா. குழாய்த் தண்ணி ஊத்தாத, உரம் போடாத. மழைத்தண்ணி மட்டும், அதுவும் அடித்தட்டுல" என்றாள். மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தேன். அவளைப் பெற்றபோதுகூட நான் இவ்வளவு பத்தியம் பார்த்ததில்லை.

மாடிக் கம்பியில் ஒரு கொண்டைக்குருவி வரும். அதற்குப் பத்தியமே கிடையாது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பப்பாளியைக் கொத்தும், கன்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு மேலே பாடும். அதை யாரும் விசாரித்ததில்லை, நான் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டால் முதல் கேள்வி, "செடி எப்படிம்மா இருக்கு?" என் முட்டிவலி அதற்கப்புறம்தான். வருத்தம்தான். ஆனாலும் கூப்பிட ஒரு காரணம் இருக்கிறதே என்று செடியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். அவள் அப்பா போன பிறகு அந்த வீட்டில் என்னிடம் பேசியது அந்த ஃபோன் ஒன்றுதான்.

ராயபுரத்தில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய் ஒரு வாரம் தங்க வேண்டியிருந்தது. தட்டில் மழைத்தண்ணீர் ஊற்றச் சொல்லி அடுத்த வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்தேன். மீன் விற்கிறவள், தங்கமானவள். திரும்பி வந்தால் தொட்டியில் கவிச்சி நாற்றம். செடி கறுத்து அழுகிக் கிடந்தது.

"சவலையா கீதேன்னு மீன் கழுவுன தண்ணி ஊத்தினேன்க்கா. என் வூட்டு ரோஜா அதுலதானே அப்புடி பூக்குது," என்றாள்.

திட்ட வாய் வரவில்லை. உள்ளே போய் அழுதேன்.

மகளிடம் சொன்னபோது, "சரிம்மா, விடு" என்றாள். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றேன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு கிடைக்கவில்லை. மாடியில் குருவி பாடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா சத்தம்?"

"கொண்டைக்குருவி. தினம் வருது."

"அதுவா? அது எப்பவும் அங்கதானே இருக்கும்," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

சுருக்கென்றது. என்னையும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

குடத்தில் மிச்சமிருந்த மழைத்தண்ணீரை செடித்தொட்டியின் அடித்தட்டில் ஊற்றி மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். குருவி வந்து குளித்தால், ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்ல ஒன்று இருக்கும்.