பாஞ்சோவில் கட்டியிருந்த அழுக்குத் துணி

நான் மைசூரில் நர்ஸாக இருக்கிறேன். சர்ச் பாடல் குழுவில் வாசிப்பதற்காக, தேவராஜ மொஹல்லாவில் ஒரு சிறிய பட்டறையில், அங்கேயே கையால் செய்த பழைய பாஞ்சோ ஒன்றை வாங்கினேன். தந்திகளை இறுக்கும் முறுக்காணிகளுக்குப் பக்கத்தில், தந்திகளின் மேல் அழுக்கேறிய துணி ஒன்று இறுகக் கட்டியிருந்தது. அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கத்தரித்து எறிந்தேன்.

பாஞ்சோவை மடியில் வைத்து, குனிந்து சுருதி சேர்க்கும்போது தந்தி ஒன்று அறுந்து முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல். கண்ணாடி மட்டும் இல்லாதிருந்தால் என் வலது கண் போயிருக்கும்.

பாஞ்சோவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அதை நடத்தும், தமிழக எல்லையோரத்து ஹனூர்க்காரர் பதறிவிட்டார்.

"அந்தத் துணிய எதுக்குங்கக்கா எடுத்தீங்க? கம்பி அறுந்தா மூஞ்சிக்குப் பாயக் கூடாதுன்னுதானுங்க முன்னால வச்சிருந்தவரு கட்டியிருந்தாரு. நானாச்சும் சொல்லியிருக்கோணும்."

புதுத் தந்தி போட்டு, வேறு துணியும் கட்டித் தந்தார்.

இப்போது பழைய பொருள் எதை வாங்கினாலும், கேட்காமல் எதையும் பிரித்தெடுப்பதில்லை. முகம் தெரியாத அந்த மனிதருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். பாஞ்சோப் பெட்டியின் மூடிக்குள் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'இந்தத் துணியை அவிழ்க்காதீர்கள். இது உங்கள் கண்ணுக்காகக் கட்டியது.'